வைட்டமின் டி கொடுத்தும் வளைகிற கால்: டாலெமில் தேடிய ஒரு மரபணு

ஜெர்மனியில் குழந்தை பெற்ற எல்லார் வீட்டிலும் ஒரு மஞ்சள் புத்தகம் இருக்கும். யு1-இல் ஆரம்பித்து யு9 வரை ஒவ்வொரு பரிசோதனைக்கும் அதைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அதோடு சேர்ந்தே வருவது அந்தக் குட்டி வைட்டமின் டி மாத்திரை. பிறந்த முதல் வாரத்திலிருந்து தினமும் 400 முதல் 500 யூனிட். முதல் பிறந்தநாள் வரை கட்டாயம். அதற்குப் பிறகு குழந்தை பார்க்கிற இரண்டாவது கோடைத் தொடக்கம் வரை.

ஊரிலிருந்து வரும் பாட்டிகளுக்கு இது பிடிபடவே படாது. "பச்சைக் குழந்தைக்கு எதுக்கு தினம் மாத்திரை? காலை வெயில்ல பத்து நிமிஷம் காட்டினா ஆச்சு" என்பார்கள். திருச்சியில் ஆச்சுதான். ஷோனெஃபெல்ட் இருப்பதோ வடக்கே 52 டிகிரி அட்சரேகையில். சென்னை 13. இங்கே அக்டோபரிலிருந்து மார்ச் வரை வானம் பளிச்சென்று இருந்தாலும், சாய்வாக விழும் அந்த வெயிலால் நம் தோல் போதுமான வைட்டமின் டி தயாரிக்க முடியாது. நம் நிறத்துக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் வெயில் வேறு வேண்டும். அதனால் மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.

விட்டுவிடாதீர்கள் என்று சொன்ன கையோடு இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் ஊர் மருந்துக்கடைகளில் 60,000 யூனிட் வைட்டமின் டி பொட்டலம் கிடைக்கும். பெரியவர்களுக்கு, பற்றாக்குறை இருந்தால், வாரம் ஒன்று என்று மருத்துவர்கள் எழுதித் தருவது. ஊருக்குப் போய் வருகிறவர்கள் பெட்டியில் நாலைந்து கொண்டுவருவார்கள். கைக்குழந்தைக்கு அது 120 நாள் மாத்திரையை ஒரே வாயில் ஊட்டுவதற்குச் சமம். "கால் கொஞ்சம் வளைஞ்ச மாதிரி இருக்கு, டி பத்தலை போல" என்று யாராவது அந்தப் பொட்டலத்தை எடுத்தால், தயவுசெய்து கையைப் பிடித்து நிறுத்துங்கள். ரத்தத்தில் கால்சியம் ஏறினால் சிறுநீரகத்துக்கு ஆபத்து. இன்னொரு காரணமும் உண்டு. வைட்டமின் டி எவ்வளவு கொடுத்தாலும் சரியாகாத ரிக்கெட்ஸ் என்று ஒன்று இருக்கிறது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான். அதற்குக் காரணமான மரபணுவைத் தேடிப் பிடித்த ஐந்து ஆய்வுக்கூடங்களில் ஒன்று, எங்கள் ஷோனெஃபெல்டிலிருந்து ரயிலில் கிட்டத்தட்ட ஒரு மணி நேரத் தூரத்தில், பெர்லின் டாலெமில் இருக்கிறது.

நான் மருத்துவம் படித்தவள் இல்லை; மென்பொருள்தான் தொழில். ஆனால் இந்த மரபணுவைக் கண்டுபிடித்த விதம், எங்கள் தொழிலில் பழைய புரோகிராமில் பிழை தேடுகிற வேலையைப் போலவே இருந்ததால் இதற்குள் இறங்கினேன்.

முதலில் நோய். 1937-இல் அமெரிக்காவின் பாஸ்டனில் ஃபுல்லர் ஆல்பிரைட் என்ற மருத்துவரும் அவர் சகாக்களும் ஒரு சிறுவனைப் பற்றி எழுதினார்கள். அவனுக்கு ரிக்கெட்ஸ். சாதாரண அளவு வைட்டமின் டி-யில் ஒன்றுமே நடக்கவில்லை. மிகப் பெரிய அளவில் கொடுக்க வேண்டியிருந்தது. 'வைட்டமின் டி-யை எதிர்க்கும் ரிக்கெட்ஸ்' என்ற பெயர் அப்படி வந்ததுதான். இந்தக் குழந்தைகளின் ரத்தத்தில் கால்சியம் சரியாகவே இருக்கும். குறைவது பாஸ்பேட். எலும்பு கட்ட கால்சியம், பாஸ்பேட் இரண்டும் வேண்டும். செங்கல் வந்து இறங்கிவிட்டது, சிமெண்ட் லாரி வரவில்லை என்றால் சுவர் எழும்பாது இல்லையா, அது மாதிரி. சிறுநீரகம் வடிகட்டிய பாஸ்பேட்டைத் திரும்ப உறிஞ்சாமல் சிறுநீரில் விட்டுவிடுகிறது. குழந்தை நடக்கத் தொடங்கியதும் உடல் எடை தாங்காமல் கால் வளையும், உயரம் குறையும், நடை வாத்து நடை ஆகும். சொத்தையே இல்லாத பல்லில் சீழ் கட்டும். சுமார் 20,000 பேரில் ஒருவருக்கு என்று கணக்கு, அரிய நோய்தான். பரம்பரை ரிக்கெட்ஸ் வகைகளிலேயே அதிகம் காணப்படுவது இதுதான்.

1958-இல் வின்டர்ஸ் என்பவரும் சகாக்களும் அமெரிக்காவில் ஒரு பெரிய குடும்பத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்து, இது எக்ஸ் குரோமோசோம் வழியாக, ஓங்கு பண்பாக இறங்குகிறது என்று காட்டினார்கள். இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் நம் வீடுகளில் பேச்சு எங்கே போகும் என்று தெரியும். அப்பாவுக்கு எக்ஸ் ஒன்று, ஒய் ஒன்று. மகளுக்கு எக்ஸைத் தருகிறார், மகனுக்கு ஒய்யைத் தருகிறார். ஆக, நோய் உள்ள அப்பாவின் எல்லா மகள்களுக்கும் அது வரும். ஒரு மகனுக்கும் அவரிடமிருந்து வராது. நோய் உள்ள அம்மாவிடமிருந்து மகனோ மகளோ, ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சில குழந்தைகளுக்கு இரண்டு பெற்றோரிடமும் இல்லாமல் புதிதாகவே தோன்றும். கர்ப்பத்தில் அம்மா என்ன சாப்பிட்டாள், கிரகணத்தில் வெளியே போனாளா என்பதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. "சொந்தத்துல கட்டினதால வந்தது" என்பதும் இந்த நோய்க்குப் பொருந்தாது. உறவுத் திருமணத்தால் ஆபத்து கூடுவது இரண்டு பிரதிகளும் பழுதானால் மட்டுமே வரும் நோய்களுக்கு. இதற்கு ஒரு பழுதே போதும்.

எக்ஸ் குரோமோசோமில் என்று தெரிந்துவிட்டது. ஆனால் எக்ஸ் என்பது 15 கோடி எழுத்துக்குமேல் நீளமான ஒரு கோப்பு. அதில் எங்கே? அப்போது யாரும் அதை முழுக்கப் படித்திருக்கவில்லை. என்ன புரதம் என்றும் தெரியாது. எங்கள் தொழிலில் இந்த நிலைமை தெரிந்ததுதான்: புரோகிராம் விழுகிறது, எந்த வரி என்று தெரியாது, மூலநிரலும் கையில் இல்லை. என்ன செய்வோம்? எந்தெந்தப் பதிப்பில் விழுகிறது, எதில் விழவில்லை என்று பார்த்துப் பாதி பாதியாக ஒதுக்கிக்கொண்டே வருவோம். மரபியலாளர்களும் அதைத்தான் செய்தார்கள். அம்மாவின் இரண்டு எக்ஸும் பிள்ளைக்குப் போகும்முன் துண்டு துண்டாகக் கலந்து மாற்றிக்கொள்கின்றன. குடும்பத்தில் நோய் உள்ளவர்கள் எல்லாரிடமும் எந்தத் துண்டு தவறாமல் கூடவே வருகிறது, இல்லாதவர்களிடம் எது இல்லை என்று பார்த்தால் வட்டம் சுருங்கும். 1986 வாக்கில் வட்டம் எக்ஸின் குட்டைக் கையின் 22-ஆம் பட்டை அருகே வந்தது. அங்கிருந்து மரபணுவைத் தொட இன்னும் ஒன்பது வருஷம் ஆனது.

அந்த ஒன்பது வருஷத்தில்தான் டாலெம் வருகிறது. மூலக்கூறு மரபியலுக்கான மாக்ஸ் பிளாங்க் நிறுவனம் இருப்பது இஹ்னெஷ்ட்ராஸ என்ற தெருவில். ஹான்ஸ் லெராக் லண்டனிலிருந்து அங்கே வந்தது 1994-இல். அவருடைய குழுவின் பலம் ஒரு இயந்திரம்: மனித டி.என்.ஏ.வைத் துண்டு துண்டாக ஈஸ்ட்டிலும் பாக்டீரியாவிலும் சேமித்து, ஆயிரக்கணக்கான துண்டுகளை ரோபோவால் ஒரு நைலான் தாளில் வரிசை வரிசையாகப் புள்ளி வைப்பது. ஒவ்வொரு புள்ளிக்கும் முகவரி உண்டு. உங்களிடம் ஒரு சின்ன டி.என்.ஏ. துண்டு இருந்தால் அதில் கதிரியக்க அடையாளம் போட்டு அந்தத் தாளின் மேல் விடுங்கள். தன் ஜோடி இருக்கிற புள்ளியில் போய் ஒட்டிக்கொள்ளும். எக்ஸ்ரே பிலிமில் கறுப்புப் புள்ளி தெரியும். அவ்வளவுதான், தேடல் முடிந்தது. இண்டெக்ஸ் போட்ட டேட்டாபேஸ், ஆனால் ஈரமானது! இந்தத் தாள்களை உலகம் முழுக்க மற்ற ஆய்வுக்கூடங்களுக்கும் அனுப்பினார்கள். எனக்கு மரபணுவைவிட இதுதான் வியப்பாக இருந்தது. மேகக் கணினி, பொதுக் களஞ்சியம் என்றெல்லாம் நாங்கள் இப்போது பெருமையடிக்கிற யோசனையைத் தபாலில் போட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

1995 அக்டோபரில் 'நேச்சர் ஜெனெடிக்ஸ்' இதழில் முடிவு வந்தது. ஆசிரியர் பெயர் போட்ட இடத்தில் 'ஹைப் கூட்டமைப்பு' என்று இருந்தது: பெர்லின், மியூனிக், லண்டன், பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர், அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழகம். குறிப்பிட்ட வட்டத்துக்குள் ஒரு மரபணுவைப் பிரித்தெடுத்திருந்தார்கள். நோய் உள்ள நான்கு குடும்பங்களில் அந்த மரபணுவுக்குள்ளேயே துண்டு விடுபட்டிருந்தது. நான்கும் வெவ்வேறு இடங்கள், ஒன்றின்மேல் ஒன்று படியவில்லை. இன்னும் மூன்று நோயாளிகளிடம் சிறிய பிழைகள். வெவ்வேறு இடத்தில் உடைத்தும் ஒரே நோய்தான் வருகிறது என்றால் குற்றவாளி அதுதான் என்று வாதாட நல்ல ஆதாரம். அதற்கு பெக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரை வேறு மரபணுக் கூட்டம் ஏற்கனவே வைத்திருந்ததால் பிறகு ஃபெக்ஸ் ஆனது. பெயர் மோதல் எங்களுக்கு மட்டும் வருகிற தலைவலி இல்லை என்பதில் ஒரு சின்ன ஆறுதல்.

இனிமேல்தான் சுவாரசியம். மரபணு கிடைத்துவிட்டது, அது என்ன செய்கிறது? அதன் எழுத்துகளை, அதுவரை தெரிந்த புரதங்களின் எழுத்துகளோடு கணினியில் ஒப்பிட்டார்கள். ஒரு குடும்பம் சிக்கியது. நெப்ரிலைசின் என்ற நொதி: சிறுநீரகம், மூளை எனப் பல இடங்களில் சின்னச் சின்னப் புரதச் செய்திகளை வெட்டி அழிப்பது. எண்டோதீலினை மாற்றும் நொதி: ரத்தக்குழாயை இறுக்கும் எண்டோதீலின் என்ற பொருளை, அதன் நீளமான முன்வடிவத்திலிருந்து வெட்டி உருவாக்குவது. மூன்றாவது கெல். ரத்தம் கொடுப்பவர்கள் கேள்விப்பட்டிருக்கலாம், ரத்த வகைகளில் கெல் என்று ஒன்று உண்டு. சிவப்பணுவின் மேல் உட்கார்ந்திருக்கிற அந்தப் புரதமும் இந்தக் கத்தரிக்கோல் குடும்பத்துப் பிள்ளைதான்.

இந்தக் குடும்பத்துக்கு ஒரு அங்க அடையாளம் இருக்கிறது. ஹிஸ்டிடின், குளூட்டாமிக் அமிலம், பிறகு எதுவேண்டுமானாலும் இரண்டு, மறுபடி ஹிஸ்டிடின். இந்த ஐந்து எழுத்து வாசகம்தான் ஒரு துத்தநாக அணுவைப் பிடித்துக்கொள்ளும் இடம். வெட்டும் வேலை நடப்பது அங்கேதான். புரோகிராம் எழுதுகிறவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள், இது ஒரு தேடல் வடிவம், நடுவில் இரண்டு புள்ளி. பாக்டீரியாவின் நொதியிலும் இதே வடிவம் உண்டு. ஃபெக்ஸிலும் இருந்தது. முழு மரபணு எக்ஸில் அடைத்துக்கொள்வது இரண்டு லட்சம் எழுத்துக்குமேல். அதில் புரதமாக மாறுவது 22 துண்டுகளில் பரவிக்கிடக்கும் 2,247 எழுத்துகள், அதாவது 749 அமினோ அமிலங்கள். அதற்குள் ஐந்து எழுத்து. அதை வைத்து, "இது ஒரு வெட்டும் நொதியாக இருக்க வேண்டும், பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தும் ஏதோ ஒரு ஹார்மோனை இது வெட்டுகிறது போல" என்று ஊகித்தார்கள்.

அந்த ஊகத்துக்கு எலிகள் ஏற்கனவே வழி போட்டு வைத்திருந்தன. இதே நோய் உள்ள சுண்டெலி வகை ஒன்று 1976-லேயே அமெரிக்காவில் விவரிக்கப்பட்டிருந்தது. அதுவும் எக்ஸ் வழிதான். 1989-இல் நோயுள்ள எலியையும் நல்ல எலியையும் ரத்தம் கலக்கும்படி ஒன்றாக இணைத்துப் பார்த்தபோது, நல்ல எலியும் பாஸ்பேட்டை இழக்கத் தொடங்கியது. 1992-இல் ட்யூக்கில் சிறுநீரகத்தையே மாற்றிப் பார்த்தார்கள். நோயுள்ள எலியின் சிறுநீரகம் நல்ல எலிக்குள் போனதும் ஒழுங்காக வேலை செய்தது. நல்ல சிறுநீரகம் நோயுள்ள எலிக்குள் போனதும் பாஸ்பேட்டைக் கொட்டியது. அதுவரை எல்லாரும் குற்றம் சாட்டிய சிறுநீரகம் நிரபராதி. ரத்தத்தில் ஓடும் ஏதோ ஒன்று அதற்குத் தப்பான உத்தரவு கொடுக்கிறது. மரபணு கிடைத்த பிறகு பார்த்தால், ஃபெக்ஸ் அதிகம் வேலை செய்வது எலும்பிலும் பல்லிலும்தான். எலும்பில் உடைந்த நொதி, சிறுநீரகத்தில் தெரியும் விளைவு, நடுவில் முகம் தெரியாத ஒரு தூதுவன்.

தூதுவன் 2000-இல் கிடைத்தது. வேறொரு வகை பரம்பரை ரிக்கெட்ஸ் உள்ள குடும்பங்களை ஆராய்ந்த கூட்டமைப்பு, 12-ஆம் குரோமோசோமில் எஃப்.ஜி.எஃப். 23 என்ற ஹார்மோனைக் குற்றவாளியாகக் காட்டியது. முந்தைய கூட்டமைப்பில் இருந்த மியூனிக் ஆட்கள் சிலர் இதிலும் உண்டு. எலும்பு சுரக்கும் இந்த ஹார்மோன் சிறுநீரகத்திடம் பாஸ்பேட்டை வெளியே விடு என்கிறது. வைட்டமின் டி-யை உடல் பயன்படுத்தும் வடிவத்துக்கு மாற்றுவதையும் தடுக்கிறது. ஆல்பிரைட் பார்த்த சிறுவனுக்கு வைட்டமின் டி ஏன் பிடிக்கவில்லை என்பதற்கு அறுபது வருஷம் கழித்துப் பதில். ஃபெக்ஸ் கெட்டுப்போனவர்களின் ரத்தத்தில் இந்த ஹார்மோன் கூடுதலாக இருந்தது. அப்படியானால் கத்தரிக்கோல் வெட்டுவது இதைத்தான்! கதை முடிந்தது என்று பலரும் நினைத்தார்கள்.

முடியவில்லை. ஃபெக்ஸ் இந்த ஹார்மோனை நேரடியாக வெட்டுகிறது என்று ஆரம்பத்தில் ஒரு முடிவு வந்தது. பிறகு செய்த சோதனைகள் அதை உறுதிசெய்யவில்லை. ஃபெக்ஸ் வெட்டுவது எலும்பில் இருக்கிற வேறு புரதங்களை, ஆஸ்டியோபான்டின் போன்றவற்றை. அங்கே வெட்டு நடக்காததால் ஹார்மோன் ஏன் ஏறுகிறது என்கிற நடுப்பாலம் இன்னும் முழுதாகக் கட்டப்படவில்லை. குடும்ப ஜாடையை வைத்து இவன் கத்தரிக்கோல் பிடிக்கிற ஜாதி என்று சொல்ல முடிந்தது, அது சரியாகவும் இருந்தது. எந்தத் துணியை வெட்டுகிறான் என்று ஜாடை சொல்லாது.

ஆனால் சிகிச்சை பாலத்துக்காகக் காத்திருக்கவில்லை. பல பத்தாண்டுகளாக இந்தக் குழந்தைகள் பாஸ்பேட் கரைசலை ஒரு நாளைக்கு நாலைந்து தடவை குடித்து, கூடவே செயல்படும் வடிவ வைட்டமின் டி எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஓட்டை வாளியில் தண்ணீர் ஊற்றுகிற வேலை. வயிற்றுப்போக்கு, சிறுநீரகத்தில் கால்சியம் படிவது என்று பக்கவிளைவுகள் வேறு. பள்ளிக்கூடத்தில் நடுவில் எழுந்து மருந்து குடிக்கிற பிள்ளையின் சங்கடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புரோசுமாப் என்ற மருந்து 2018-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. அந்த ஹார்மோனையே பிடித்துக் கட்டிப்போடும் எதிர்ப்பொருள். குழந்தைகளுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தோலுக்கடியில் ஊசி. உடைந்த நொதியை அது தொடுவதே இல்லை. விலை மிக அதிகம். ஜெர்மனியில் காப்பீடு இருக்கிறது என்று நாம் நிம்மதியாகச் சொல்கிற வாக்கியம் ஊரில் இருக்கிற அண்ணன் பிள்ளைக்குப் பொருந்தாது.

இஹ்னெஷ்ட்ராஸவைப் பற்றி இன்னொன்று. யு3 ரயிலில் இறங்கி அந்தத் தெருவில் நடந்தால் 22-ஆம் எண் கட்டடம் ஒன்று வரும். இப்போது பல்கலைக்கழகத்தின் வகுப்புகள் நடக்கிற இடம். 1927 முதல் 1945 வரை அங்கேதான் மானிடவியல், மனிதப் பரம்பரை, இனமேம்பாட்டுக்கான கைசர் வில்ஹெல்ம் நிறுவனம் இருந்தது. பரம்பரை நோய் உள்ளவர்களைக் கட்டாயக் கருத்தடைக்கு அனுப்பிய சட்டத்துக்கு அறிவியல் முலாம் பூசிய இடம். ஆஷ்விட்ஸிலிருந்து மெங்கெலே மனித உடற்பாகங்களை அனுப்பிவைத்ததும் அந்த முகவரிக்குத்தான். 1988 முதல் சுவரில் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. ஜெர்மனியில் மரபணுப் பரிசோதனைக்கு ஏன் இவ்வளவு காகிதம், எதற்கு எழுத்தில் சம்மதம் என்று நம்மவர்கள் அலுத்துக்கொள்வார்கள். 2010 முதல் அமலில் இருக்கும் மரபணுப் பரிசோதனைச் சட்டம் அதைக் கேட்கிறது. அந்தப் பலகையைப் பார்த்த பிறகு எனக்கு அலுப்பு வருவதில்லை.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருவோம். நடக்கத் தொடங்கும் குழந்தையின் கால் வெளிப்பக்கம் கொஞ்சம் வளைந்திருப்பது பெரும்பாலும் இயல்பு. சுமார் இரண்டு வயதில் நேராகிவிடும். வீடியோ காலில் காலைக் காட்டி ஊரெல்லாம் கருத்துக் கேட்க வேண்டாம். இரண்டு வயதைத் தாண்டியும் வளைவு கூடுகிறது, ஒரு கால் மட்டும் வளைகிறது, உயரக் கோடு மஞ்சள் புத்தகத்தில் கீழே இறங்கிக்கொண்டே போகிறது, சொத்தையில்லாத பல்லில் சீழ், குடும்பத்தில் யாருக்காவது குட்டை உருவமும் வளைந்த காலும் என்றால் குழந்தை மருத்துவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். மாமனார் வீட்டுப் பக்கம், அம்மா வீட்டுப் பக்கம் இரண்டையும் சொல்லுங்கள், கூச்சம் வேண்டாம். வைட்டமின் டி, கால்சியத்தோடு பாஸ்பேட், ஆல்கலைன் பாஸ்படேஸ் இரண்டையும் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

முடிவுத் தாள் வந்ததும் ஒரு விஷயம் கவனியுங்கள், குறிப்பாக ஊர் விடுமுறையில் போய்ச் சோதித்துக்கொண்டு வந்த தாளில். குழந்தைகளுக்கு பாஸ்பேட் அளவு பெரியவர்களைவிட அதிகமாக இருப்பதே சரி. பக்கத்தில் அச்சிட்டிருக்கும் 'இயல்பு அளவு' பெரியவர்களுக்கானதாக இருந்தால், குறைவாக இருக்கிற குழந்தையின் எண் அதற்குள் அழகாக அடங்கிவிடும், எதுவும் தடித்த எழுத்தில் வராது. இரண்டு வயதுக்கான எல்லை எது என்று மருத்துவரிடம் கேட்டு அதோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.